மென்பொருள் பணிக்கு லேப்டாப்: ஐ7 முக்கியமா, ரேம் முக்கியமா?

கேள்வி: என் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஆண்ட்ராய்டு செயலி உருவாக்கவும் ஜாவாவில் சர்வர் நிரல் எழுதவும் பழகி வருகிறாள். கடையில் இரண்டு லேப்டாப் காட்டினார்கள். முதலாவது ஐ7 புராசஸர், 8 ஜிபி ரேம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு கொண்ட கேமிங் லேப்டாப். இரண்டாவது ஐ5, 16 ஜிபி ரேம். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. விலை ஏறத்தாழ ஒன்றுதான். கடைக்காரர் முதலாவதையே வற்புறுத்துகிறார். எதை வாங்குவது?

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். உங்கள் மகள் வேலை செய்யும் நேரத்தில் கணினிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து, எழுதிய செயலியைச் சோதிக்க எமுலேட்டரையும் (கணினிக்குள்ளேயே ஒரு போனைப் போல இயங்கும் மென்பொருள்) ஓட்டி, பக்கத்திலேயே பத்துப் பதினைந்து டேப்களுடன் பிரவுசரையும் ஒரு டேட்டாபேஸையும் வைத்திருப்பது அவர் படிக்கும் துறையில் அன்றாடம் நடப்பது. எமுலேட்டரோடு சேர்த்துப் பயன்படுத்தக் குறைந்தது 16 ஜிபி ரேம் வேண்டும் என்று ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை வழங்கும் கூகுளே சொல்கிறது. விண்டோஸில் டாக்கர் (சர்வர் நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து இயக்கும் மென்பொருள்) பயன்படுத்தினால், அதற்கு அடியில் இயங்கும் லினக்ஸ் அமைப்பு மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளக்கூடும். 8 ஜிபி நிரம்பியதும் விண்டோஸ் மீதியை கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். எஸ்எஸ்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ரேமின் வேகத்துக்கு அருகில்கூட வராது என்பதால், அந்த நேரத்தில் ஐ7 புராசஸர் வேலையின்றிக் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஐ7 என்ற பெயரும் தனியாக எதையும் உறுதிசெய்வதில்லை. இன்டெலின் 12-ஆம் தலைமுறையில் ஐ5-1235யூ, ஐ7-1255யூ ஆகிய இரண்டிலும் வேகமான கோர்கள் (புராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) 2, சிறிய கோர்கள் 8 என்று ஒரே எண்ணிக்கைதான். வேகத்தில்தான் சிறிது வேறுபாடு. அதே தலைமுறையின் ஐ5-12450எச் புராசஸரிலோ வேகமான கோர்கள் 4 இருக்கின்றன. ஆகவே ஐ5, ஐ7 என்ற முன்பகுதியோடு நின்றுவிடாமல் முழு எண்ணையும், அதன் கடைசி எழுத்தையும் படிக்க வேண்டும். யூ என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது, எச் என்றால் கூடுதல் மின்சாரம் எடுத்துக் கூடுதல் வேகம் தருவது. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைக் கவனியுங்கள். 7520யூ என்பது 2023-இல் விற்பனைக்கு வந்த மாடல்களுக்குரிய எண்ணைத் தாங்கியிருந்தாலும், உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பின் 4 கோர்கள். 7530யூ புராசஸரில் அடுத்த தலைமுறையின் 6 கோர்கள். ஒரே ஓர் இலக்கம் மாறுவதில் இவ்வளவு வேறுபாடு ஒளிந்திருப்பது வாங்குபவருக்கு இழைக்கப்படும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

கடைக்காரரிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ரேமைப் பின்னர் கூட்ட முடியுமா? மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். விவரக்குறிப்பில் ரேமின் வகை ‘எல்பிடிடிஆர்’ என்று தொடங்கினால் பெரும்பாலும் அப்படித்தான். அத்தகைய லேப்டாப்பில் வாங்கும் நாளில் இருக்கும் அளவே கடைசிவரைக்கும். கேமிங் லேப்டாப்பில் காலி ஸ்லாட் இருந்து, இன்னொரு 8 ஜிபி போடச் செலவழிக்க நீங்கள் தயாராக இருந்தால், அதுவும் மோசமான தேர்வல்ல. ஆனால் அவ்வகை லேப்டாப்கள் பொதுவாக 2 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை, பேட்டரியும் விரைவில் தீரும். தினமும் கல்லூரிப் பேருந்தில் தூக்கிச் செல்லப்போவது அவர்தான். செயலி எழுதுவதற்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை.

திரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனினும் நாள்தோறும் பல மணி நேரம் சிறிய எழுத்துகளைப் பார்க்கப்போகும் கண்களுக்காகச் சொல்கிறேன். 1920×1080 திரையைவிட 1920×1200 திரையில் உயரம் கூடுதல் என்பதால் நிரலில் சில வரிகள் அதிகமாகத் தெரியும். திரை காட்டக்கூடிய நிறங்களின் அளவு ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று போட்டிருந்தால் நிறங்கள் வெளிறியிருக்கும். வாய்ப்பிருந்தால் மகளையே கடைக்கு அழைத்துச் சென்று, கீபோர்டில் ஒரு பத்தி தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐபோன் செயலிகள் எழுத விரும்புகிறேன். மேக்புக் இல்லாமல் முடியாதா?

பதில்: அதற்கான எக்ஸ்கோட் மென்பொருள் மேக்ஓஎஸ்ஸில் மட்டுமே இயங்குவதால் ஏதேனும் ஒரு மேக் தேவைப்படும். மேக்புக்கில் ரேமை மாற்றவே முடியாது. ஆப்பிள் 2024 அக்டோபரில்தான் மேக்புக் ஏரின் குறைந்தபட்ச அளவை 16 ஜிபியாக உயர்த்தியது. அதற்கு முந்தைய 8 ஜிபி மாடல்கள் தள்ளுபடியில் கிடைத்தாலும் இந்த வேலைக்கு வாங்க வேண்டாம்.

கேள்வி: நிறுவனங்கள் பயன்படுத்திய பழைய லேப்டாப்புகள் மலிவாகக் கிடைக்கின்றனவே, நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். லெனோவோவின் திங்க்பேட் டி வரிசை, டெல்லின் லாட்டிட்யூட் போன்ற அலுவலக லேப்டாப்கள் உறுதியானவை, அவற்றின் கீபோர்டும் நல்லது. ஆனால் விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இயங்க, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதற்கும் பழையது எவ்வளவு மலிவானாலும், லினக்ஸ் மட்டுமே பயன்படுத்துவோர் தவிர மற்றவர்கள் தவிர்ப்பது நல்லது. பணம் கொடுக்கும் முன் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு இல்லை என்பதையும், விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது பழைய நிறுவனத்தின் கணக்கைக் கேட்டு நிற்கவில்லை என்பதையும் உங்கள் கண்ணெதிரே செய்துகாட்டச் சொல்லுங்கள். விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டில், தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுமையாக சார்ஜ் ஆகும் கொள்ளளவும் அருகருகே இருக்கும். பாதிக்கும் கீழே போயிருந்தால் புதிய பேட்டரிக்கான தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள். சீரியல் எண்ணும் வாரண்டிக் காலமும் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். பின்னர் கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யும்போது அந்த பில்தான் உங்கள் முதல் ஆதாரம்.