ஓட்டு இயந்திரமும் ஜீனோவும்: வாசகர் கேள்வி – பதில்

கே: ஓட்டு இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் எழுத்தாளர் சுஜாதாதான் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், ஈரோடு)

ப: ‘கண்டுபிடித்தவர்’ என்பது கொஞ்சம் மிகை. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அதை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய பொறியாளர் அவர்; இயற்பெயர் எஸ்.ரங்கராஜன். ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல். நிறுவனமும் அதே காலத்தில் இந்த வேலையில் இறங்கியிருந்தது.

அந்த இயந்திரத்தின் அழகே, அது எதையெல்லாம் செய்யாது என்பதில்தான் இருக்கிறது. பழைய மாடலில், வாக்காளர் பொத்தானை அமுக்கும் பெட்டி ஒன்றுக்கு 16 வேட்பாளர் பெயர். நான்கைக் கோத்தால் 64. வேட்பாளர்கள் அதைத் தாண்டினால் திரும்பவும் வாக்குச்சீட்டுதான். மொத்தம் 3,840 ஓட்டு வரை பதியும். அதிகாரி தன் பக்கத்துப் பொத்தானை அமுக்கி அனுமதித்தால்தான் அடுத்த ஓட்டு. அதுவும் நிமிடத்துக்கு 5-க்கு மேல் ஓடாது. சாவடியைப் பிடித்துக் கத்தை கத்தையாக முத்திரை குத்திப் பழகியவர்களுக்கு இந்த நிதானம்தான் எமன். அதற்குள் அதிகாரி ‘க்ளோஸ்’ பொத்தானைத் தட்டிவிட்டால் ஒரு ஓட்டுக்கூட விழாது. கரண்ட் இல்லாத ஊருக்கும் போக வேண்டும் என்பதால் பேட்டரி.

1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதல் சோதனை. இடறியது கருவி அல்ல, சட்டம். இயந்திரத்தில் ஓட்டுப் போட அப்போதைய சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல, அந்தச் சாவடிகளில் மறுபடி சீட்டு முறையில் வாக்குப்பதிவு நடந்தது. சட்டத்தைத் திருத்த 1988 டிசம்பர் ஆகிவிட்டது.

கே: எலெக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு படிக்கிறேன். விஞ்ஞானக் கதை எழுத ஆசை. வேலைக்குப் போனால் எழுத்து நின்றுவிடுமா? (வாசகி, திருச்சி)

ப: சுஜாதாவையே பாருங்கள்: உங்கள் ஊர் செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ், பிறகு விமானப் போக்குவரத்துத் துறை, அதன்பின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். அவர் எழுதிக் குவித்ததில் பெரும்பகுதி இந்த உத்தியோகங்களுக்கு நடுவேதான். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் என்ற எழுத்தாளர் இருந்ததால் மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக்கொண்டார். 1968-ல் அங்கே வந்த ‘நைலான் கயிறு’ கொலை மர்மம், விஞ்ஞானம் அல்ல. நீங்களும் முதலில் ஒரு மர்மக் கதை எழுதிப் பாருங்கள். தகவலை எப்போது தருவது, எப்போது மறைப்பது என்பது கைக்கு வரும்.

அப்புறம், கதையில் ஒரு கருவி வந்தால் தனித் தாளில் மூன்று விஷயம் குறித்துவையுங்கள்: எதில் ஓடுகிறது, எந்த அளவோடு நிற்கும், யார் அதை நிறுத்தலாம். மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லை என்றால் அது கருவி அல்ல, விட்டலாச்சார்யா படத்து மந்திரக்கோல். அதே சமயம், அந்தத் தாளை அப்படியே கதைக்குள் கொட்டிவிடவும் கூடாது. பொறியாளர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான்.

கே: சுஜாதாவின் ‘மீண்டும் ஜீனோ’ நாவல் மட்டும் கிடைத்தது. அதையே படிக்கலாமா? (வாசகர், மதுரை)

ப: வேண்டாம். அதன் முதல் பாகமான ‘என் இனிய இயந்திரா’ கிடைக்கும்வரை பொறுங்கள். இயந்திர நாய் ஜீனோ அறிமுகமாவது அதில்தான்.