கணக்கைக் கண்டால் தயங்கும் மகளுக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

மன்னார்குடியிலிருந்து தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், பருவத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றும், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வின் பழைய வினாத்தாளை எடுத்தால் முதல் வரிகூட எழுத வராமல் கலங்குகிறாள் என்கிறீர்கள். அவளுக்கு அறிவு போதாது என்று வீட்டில் யாரும் சொல்லிவிட வேண்டாம். சூத்திரங்களையும் நிறுவல்களையும் படித்த பிள்ளைக்கு, ஒரு கணக்கை எங்கே தொடங்குவது என்பதை யாரும் கற்றுத்தரவில்லை. அது கற்றுத்தரக்கூடிய திறன்தான்.

1981-இல் மிச்செலின் சீ உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் இயற்பியல் கணக்குகளை வகைபிரிக்கச் சொன்னபோது, புதிதாகப் படிப்பவர்கள் சாய்தளம், சுருள்வில் என்று தோற்றத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். துறையில் தேர்ந்தவர்களோ ஆற்றல் அழிவின்மை போன்ற அடிப்படை விதிகளைக் கொண்டு பிரித்தார்கள். நம் வகுப்புகளில் ஆசிரியர் கரும்பலகையில் கணக்கைப் பிழையில்லாமல் முடித்துவிடுகிறார். அந்த விதியை ஏன் எடுத்தார், வேறு எதை யோசித்துக் கைவிட்டார் என்பதுதான் மாணவிக்குத் தேவை. அதுவோ அவர் மனத்திலேயே நின்றுவிடுகிறது.

தாங்கள் விவசாயி என்பதால் ஒன்று சொல்கிறேன். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி); நீர்வரத்தே இல்லாமல் விநாடிக்கு 10,000 கனஅடி திறந்தால் எத்தனை நாள் வரும் என்று அவளிடம் கேளுங்கள். நாளொன்றுக்கு 86,400 விநாடி, ஆகவே 86.4 கோடி கனஅடி, அதாவது 0.864 டி.எம்.சி.; ஏறக்குறைய 108 நாள். விடை வந்ததும் நிறுத்தவிடாதீர்கள். அடிமட்டத் தண்ணீர் முழுவதையும் திறக்க முடியுமா, ஆவியாவதைக் கணக்கில் சேர்த்தோமா, ஜூன் 12-இல் திறந்தால் செப்டம்பர் கடைசியில் தண்ணீர் நின்றுவிடுமே, குறுவை கரையேறுமா என்று தொடர்ந்து கேளுங்கள். கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வகுத்த நான்கு படிகளில், வினாவைப் புரிந்துகொள்வது, வழி வகுப்பது, செய்வது ஆகியவற்றுக்குப் பின் வரும் இந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான் நம் பிள்ளைகள் அடியோடு விட்டுவிடுகிறார்கள்.

இனி அவள் சூத்திரம் எழுதுமுன், கொடுக்கப்பட்டது எது, கேட்கப்பட்டது எது, எந்த விதி பொருந்தும், ஏன் என்று தன் சொற்களில் எழுதட்டும். தீர்வோடு கூடிய கணக்கு ஒன்றைப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, அதே வகையில் வேறொன்றைத் தானே செய்யட்டும். இப்படி நாளுக்கு இரண்டு செய்தாலே, பார்த்து எழுதும் இருபதைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து. தோழிகள் இருவரோடு சேர்ந்து, ஒருத்தி செய்வதை மற்றவர்களுக்கு வாய்விட்டு விளக்கினால் தடுமாறும் இடம் உடனே தெரிந்துவிடும். துறைப் பேராசிரியரிடம் விடையைக் கேட்காமல், “இந்தக் கணக்கைப் பார்த்ததும் முதலில் என்ன யோசித்தீர்கள்?” என்று கேட்கச் சொல்லுங்கள்.

நகையை அடகு வைத்துப் பயிற்சி மையத்தில் சேர்க்கும் எண்ணத்தை இந்தப் பருவம் முடியும்வரை தள்ளிவையுங்கள். ஜாம் தேர்வில் 3 மணி நேரத்தில் 60 வினாக்கள். அவற்றில் எண்ணாகவே விடை எழுத வேண்டிய 20 வினாக்களுக்குத் தெரிவுகள் கிடையாது, ஆகவே ஊகம் உதவாது. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த 20-இல் தொடங்கட்டும். முதல் சில வாரங்களுக்குக் கடிகாரம் பக்கத்தில் வேண்டாம்.