தேங்காய் எண்ணெயில் எள் எங்கே?

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். புணர்ச்சிப் பாடத்தில் எள் + நெய் = எண்ணெய் என்று படித்துவிட்டு வந்தவள், "அப்படின்னா தேங்காய் எண்ணெயில் எள் எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "நாமதான் தப்பாகச் சொல்லிப் பழகிவிட்டோம், தேங்காய் நெய் என்பதுதான் சரி" என்று சொல்லிவிட்டேன். அவள் அதை அப்படியே கட்டுரையில் எழுத, ஆசிரியை சிவப்பு மையால் சுழித்துவிட்டார். இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், "எண்ணெய் என்பது எள்ளுக்கு மட்டும்தான், மற்றதற்கெல்லாம் தைலம் என்று சொல்ல வேண்டும், அதுதான் பொதுச்சொல்" என்கிறார். எது சரி? இப்படி நாம் தப்பாகவே பேசிக்கொண்டிருக்கும் சொற்கள் இன்னும் இருக்கின்றனவா?

வாசகி, செஞ்சி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளுக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். புணர்ச்சி விதியை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறவர்கள்தான் அதிகம். அவள் சொல்லைப் பிரித்துவிட்டு, பிரித்த துண்டுகளை அடுப்பங்கரைக்கு எடுத்துப்போய்ச் சரிபார்த்திருக்கிறாள். ஆசிரியை சுழித்ததிலும் தவறில்லை. தேங்காய் நெய் என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. ஆனால் தேங்காய் எண்ணெய் தப்பான சொல் என்று நீங்கள் சொன்னதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அது தப்பில்லை. அது எப்படி வந்தது என்று அவளுக்குச் சொன்னால் கோபம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பழைய தமிழில் நெய் என்ற சொல்லுக்கு இன்றைக்கு இருப்பதைவிட இடம் அதிகம். பிசுபிசுப்பும் கொழுப்பும் உள்ள பலவற்றையும் நெய் என்றார்கள். மாட்டுப் பாலிலிருந்து எடுத்தது ஆன்நெய், எள்ளை ஆட்டி எடுத்தது எள்நெய். எள் இந்த மண்ணில் மிகப் பழைய பயிர். ஹரப்பா அகழாய்விலேயே கரிந்த எள் கிடைத்திருக்கிறது. செக்கில் போட்டு ஆட்டுவதற்கு நம்மவர்கள் கையில் இருந்த முதன்மையான வித்து அதுதான். "எள் என்றால் எண்ணெயாய் நிற்பான்" என்று சுறுசுறுப்பான ஆளைச் சொல்கிறோமே, அந்தப் பேச்சில் இரண்டு சொல்லும் இன்னும் பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன.

அப்புறம் அதே செக்கில் தேங்காயும் ஆமணக்கும் இலுப்பையும் வேம்பும் ஆட்டினார்கள். செக்கு அதே செக்கு, மாடு அதே மாடு, வழிந்து வருவதும் பார்க்க அதேபோல. பெயரும் அதேதான் என்று மக்கள் வைத்துக்கொண்டார்கள். எண்ணெய் என்றால் எள்ளின் நெய் என்பது போய், வித்திலிருந்து பிழிந்த நெய் என்று ஆனது. சரி, அப்படிப் பெயரை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்ட பிறகு எள்ளின் எண்ணெய்க்கு என்ன பெயர்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. அதை நல்லெண்ணெய் என்றார்கள். முதல் எண்ணெய்க்கு மரியாதையாக ஓர் அடைமொழி கொடுத்து, கூட்டத்திலிருந்து தனியே அடையாளம் காட்டிவிட்டார்கள். அகராதி எழுதியவர்கள் கூடி எடுத்த முடிவு இல்லை இது. செக்கடியிலும் கடைவாசலிலும் பேசிப் பேசித் தானாக அமைந்தது.

உங்களோடு வேலை பார்ப்பவர் சொன்ன தைலத்துக்கு வருகிறேன். தைலம் வடமொழிச் சொல். அது எதிலிருந்து வந்தது தெரியுமா? திலம் என்பதிலிருந்து. திலம் என்றால் எள். தைலம் என்றால் எள்ளிலிருந்து வந்தது என்றுதான் பொருள். ஆக, எள்ளே இல்லாத பொதுச்சொல் வேண்டும் என்று தைலத்திடம் போனால் அங்கேயும் எள்தான் உட்கார்ந்திருக்கிறது. நீலகிரித் தைலம் யூகலிப்டஸ் இலையிலிருந்து வருகிறது, அதில் ஒரு எள்ளும் கிடையாது. யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை.

தெலுங்கில் எள்ளுக்கு நுவ்வுலு என்று பெயர். எண்ணெய்க்கு நூனெ. அந்த நூனெயும் எள்ளைக் குறிக்கும் பகுதியோடு நெய் சேர்ந்து வந்ததுதான். இன்னும் மேற்கே போனால் எள்ளின் இடத்தில் ஆலிவ் வந்துவிடுகிறது. கிரேக்கத்தில் ஆலிவுக்கு எலாயா, அதன் எண்ணெய்க்கு எலாயோன். அது லத்தீனில் ஒலேயும் ஆகி, கடைசியில் ஆங்கிலத்தில் ஆயில் ஆனது. அரபியில் ஆலிவ் ஸைத்தூன், எண்ணெய் ஸைத். நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் ஜைத்தூன் எண்ணெய் என்று சொல்வார்களே, அதே ஸைத்தூன். ஸ்பானிய மொழியில் எண்ணெயைக் குறிக்கும் சொல்லும் இந்த அரபுச் சொல்லிலிருந்து போனதுதான். எந்த ஊரில் எந்த வித்தை, எந்தக் காயை முதலில் பிழிந்தார்களோ அதன் பெயரே எல்லா எண்ணெய்க்கும் ஆகிவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்யவில்லை. தனித்தனியாக ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள்.

பெட்ரோலியம் என்ற சொல்லை உங்கள் மகளிடம் பிரித்துக் காட்டுங்கள். பெட்ரா என்றால் பாறை, ஒலேயும் என்றால் எண்ணெய். ஆழத்தில் போனால் பாறையிலிருந்து வந்த ஆலிவ் எண்ணெய். நம்முடைய மண்ணெண்ணெயைப் பிரித்தால் மண்ணிலிருந்து வந்த எள்நெய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்கு நான் வெகுநேரம் வேறு வேலை செய்யவில்லை.

மண்ணெண்ணெய்க்கு நம்மிடம் வேறு பெயர்களும் உண்டு. கப்பலில் வந்ததால் சீமை எண்ணெய், பேச்சில் சீமெண்ணெய். நான் சிறுவனாக ரேஷன் கடை வரிசையில் பிளாஸ்டிக் கேனோடு நின்ற நாட்களில் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் கிருஷ்ணாயில். எங்கள் பாட்டி அதைச் சொல்லும்போது கிருஷ்ணனுடைய எண்ணெய் என்று முழுமனதாக நம்பித்தான் சொல்வார். உண்மையில் அது கிரோசின் ஆயில். கிரோசின் என்ற பெயரை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆபிரகாம் கெஸ்னர் என்ற கனடாக்காரர் உருவாக்கினார். மெழுகைக் குறிக்கும் கேரோஸ் என்ற கிரேக்கச் சொல்லை அதற்கு அடியாக எடுத்துக்கொண்டார். பிறந்த கதை இப்படிப் பதிவாகி இருப்பதால் கிருஷ்ணனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. பதிவு இல்லாமல் போயிருந்தால், ஒலியை மட்டும் வைத்து யாராவது ஓர் அழகான புராணக் கதையே எழுதியிருப்பார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாட்ஸ்ஆப்பில் சுற்றும் சொற்பிறப்புக் கதைகளில் பாதி இப்படி ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதியவை. ஒலி ஒத்துப்போவது மட்டும் போதாது. பொருள் எப்போது எந்த வழியாக வந்தது, அக்கம்பக்கத்து மொழிகளில் அதற்கு என்ன பெயர் என்றும் பார்க்க வேண்டும்.

அக்கம்பக்கத்து மொழி என்றதும் இன்னொன்று. நாம் விளக்கெண்ணெய் என்று சொல்வது ஆமணக்கு எண்ணெயை. மலையாளத்தில் தேங்காய் எண்ணெய்க்குப் பெயர் வெளிச்செண்ண, வெளிச்சத்துக்கான எண்ணெய். நம் பக்கத்து விளக்கில் ஆமணக்கு எரிந்தது, அவர்கள் விளக்கில் தேங்காய் எரிந்தது. யார் வீட்டு விளக்கில் எது எரிந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இன்னும் இப்படிச் சொற்கள் இருக்கின்றனவா என்று கேட்டிருந்தீர்கள். இதை எழுதும்போது என் மேசையில் ஒரு சொம்பில் இருக்கிறது. தண் + நீர் = தண்ணீர். தண் என்றால் குளிர்ச்சி. கணக்குப்படி பார்த்தால் குளிர்ந்த நீர் மட்டும்தான் தண்ணீர், சூடானது வெந்நீர். ஆனால் "சுடுதண்ணி வை" என்று தினமும் சொல்கிறோம். "ஜில்லுனு தண்ணி கொடு" என்றும் சொல்கிறோம். தண் என்ற பகுதி தன் குளிர்ச்சியை முழுதாக விட்டுக்கொடுத்துவிட்டு வெறும் நீராக நிற்கிறது. அந்தக் காலத்து மெட்ராஸில் இருந்த ஆங்கிலேயர்கள் நம் மிளகுத்தண்ணியை முல்லிகடானி என்று தங்கள் மொழிக்குக் கொண்டுபோனார்கள். 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அது ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது. இன்றைக்கும் ஆவி பறக்கப் பறக்கக் கிண்ணத்தில் கொடுக்கிறார்கள், நம் தண் அதற்குள்ளேயும் இருக்கிறது.

மிளகு என்றதும் மிளகாயைச் சொல்லாமல் விடமுடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492இல் அங்கே போய் இறங்கும்வரை இந்தப் பக்கத்தில் ஒருவர் நாக்கிலும் அது பட்டதில்லை. போர்த்துகீசியர் வழியாக நம் கரைக்கு வந்தபோது, காரம் என்றால் நமக்குத் தெரிந்தது மிளகுதான். மிளகுபோல உறைக்கிற காய், மிளகு + காய், மிளகாய். ஸ்பானியர்களும் இதையேதான் செய்தார்கள். மிளகுக்கு அவர்கள் மொழியில் பிமியென்தா, மிளகாய்க்குப் பிமியெந்தோ. மலையாளத்தில் கதை இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அங்கே முளகு என்றாலே மிளகாய்தான். பழைய மிளகு குருமுளகு என்றும் நல்லமுளகு என்றும் ஆகிவிட்டது. நம் குமரி மாவட்டத்திலும் நல்லமிளகு என்பார்கள். நல்லெண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தது பெயரை எடுத்துக்கொண்டால் பழையதுக்கு நல்ல என்று ஓர் அடைமொழி. குழாயடியில் "நல்ல தண்ணி வருது" என்று குரல் கொடுக்கிறார்களே, உப்புத் தண்ணியிலிருந்து பிரித்துக் காட்டும் அந்த நல்லதும் இதே குடும்பம்தான் என்று நினைக்கிறேன். நல்லபாம்பை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது பயத்தில் வைத்த பெயர்.

மிளகாய் வருவதற்கு முன்னால் இருந்த சமையல் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. திவசச் சமையலில் மிளகாயைச் சேர்க்காமல் மிளகை மட்டும் போடும் வீடுகள் இருக்கின்றன. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் பத்தியக் குழம்பிலும் மிளகுதான். அகநானூற்றின் 149ஆம் பாட்டில், சேரர்களின் பழைய துறைமுகமான முசிறிக்கு வரும் யவனர்களின், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர்களின் மரக்கலம் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று வருகிறது. அங்கே கறி என்றால் மிளகு. பொன்னைக் கொட்டிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இன்றைக்கு உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் "கறி எடுக்கப் போறேன்" என்றால் ஆட்டுக்கறி. யாழ்ப்பாணத்தில் மரக்கறி என்றால் காய்கறி.

நீங்கள் செஞ்சிக்காரர் என்பதால் உங்கள் வயலில் விளைவதையும் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்பீர்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் புரியாது. மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்று வாய்க்கு வாய் தேய்ந்து வந்த பெயர் அது. மணிலா பிலிப்பைன்ஸின் தலைநகரம். தென்னமெரிக்காவில் பிறந்த கடலை அந்த வழியாக வந்ததன் தடம் உங்கள் களத்துமேட்டில் இன்னும் கிடக்கிறது. மலையாளத்தில் இதற்குக் கப்பலண்டி என்று பெயர், கப்பலில் வந்த கொட்டை. உங்கள் மகளிடம் உலகப் படத்தை விரித்து மணிலாவைக் காட்டுங்கள். மாலையில் வறுத்துத் தின்னும் மல்லாட்டைக்குள் அந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்றால் அவள் நம்பமாட்டாள். நானும் முதலில் நம்பவில்லை.

சர்க்கரைக்கும் இப்படி ஊர்ப் பெயர்கள் உண்டு. சீனாவை வைத்துச் சீனி. சென்னைப் பக்கத்தில் பெரியவர்கள் மளிகைச் சீட்டில் அஸ்கா என்று எழுதுவார்கள். இன்றைய ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் அஸ்கா என்ற ஊர் இருக்கிறது. அங்கே பழைய சர்க்கரை ஆலை ஒன்று இருந்தது. 1936வரை அந்த மாவட்டம் சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்தது.

இவற்றையெல்லாம் திருத்த வேண்டும் என்று ஆரம்பித்தால் சுடுதண்ணியையும் மிளகாயையும் மண்ணெண்ணெயையும் கைவிட வேண்டியிருக்கும். அப்படிக் கைவிட்டால் மணிலாவும் முசிறியும் அந்தப் பழைய செக்கும் அவற்றோடு சேர்ந்து போய்விடும். எனக்கு அதில் சம்மதமில்லை.

மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். தீபாவளி அன்றைக்கு வீட்டில் பெரியவர்கள் "எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்பார்கள். எந்த எண்ணெய் என்று யாரும் சொல்லமாட்டார்கள், எல்லோரும் நல்லெண்ணெயைத்தான் எடுப்பார்கள். எள் + நெய் என்று அவள் பாடத்தில் படித்த அந்தப் பழைய பொருள் அங்கே அப்படியே உயிரோடு இருக்கிறது. இதுபோல அடைமொழி இல்லாமல் வெறும் எண்ணெய் என்று சொன்னாலே நல்லெண்ணெயைக் குறிக்கும் இடங்கள் உங்கள் வீட்டில் வேறு என்னென்ன என்று பாட்டியிடம் கேட்டு அவளே எழுதி அனுப்பட்டும். அவள் கையெழுத்தில் வரும் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்