கேள்வி – பதில்: கடல் கடந்தவர் கொடை

கேள்வி: டொராண்டோவில் வசிக்கும் என் மகன், ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் என்றால் கேட்ட மாத்திரத்தில் பணம் அனுப்புகிறான். அங்கே அவன் குடும்பம் சிகிச்சை பெறும் மருத்துவமனை நன்கொடை கேட்டு அனுப்பும் கடிதங்களையோ பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. குடியேறியவர்களின் கொடையை எது தீர்மானிக்கிறது?
— வாசகி, மதுரை

பதில்: வருமானம், படிப்பு, குடியேறிய பின் கழிந்த ஆண்டுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் பங்கு உண்டென்றாலும், கேட்பவர் யார் என்பதே முதலில் நிற்கிறது என்று நான் கருதுகிறேன். கோயிலுக்குக் கேட்பவர் தெரிந்த முகம். கொடுத்தால் உபயதாரர் பட்டியலில் பெயர் ஏறும், கொடுக்காவிட்டால் அதுவும் ஊருக்குத் தெரிந்துவிடும். டொராண்டோவிலேயே யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இராப்போசன விருந்து வைத்து நிதி திரட்டுகின்றன. விருந்துக்கான நுழைவுச்சீட்டு விற்க வருபவர் பெரும்பாலும் உடன் படித்தவராக இருப்பார், அவரிடம் மறுப்பது எளிதன்று.

அதற்காக, இவர்கள் வாழும் நாட்டுக்குக் கொடுப்பதே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத் தமிழ் இருக்கைக்கான (தமிழுக்கென நிறுவும் பேராசிரியர் பதவிக்கான) 30 லட்சம் கனடிய டாலர் 2021-இல் திரண்டது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் அமெரிக்க டாலர் தேவைப்பட்டது. 2015-இல் இரு மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கி வைத்த பிறகு சிறு தொகைகளும், பின்னர் தமிழ்நாட்டு அரசின் 10 கோடி ரூபாயும் வந்து சேர்ந்தன. முன்னே ஒருவர் கொடுத்திருப்பது பின்னே வருபவருக்குத் துணிவு தருகிறது. மெக்சிகோ இதைத் திட்டமாகவே நடத்தியது: அமெரிக்காவிலுள்ள ஊர்ச் சங்கம் சொந்த ஊர்ச் சாலைக்கோ குடிநீருக்கோ ஒரு பங்கு கொடுத்தால், மத்திய, மாநில, உள்ளூர் அரசுகள் தலைக்கு ஒரு பங்கு சேர்த்தன.

சட்டத்தின் பங்கும் சிறிதன்று. கனடாவில் பதிவு பெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுத்தால் வருமான வரியில் கழிவு உண்டு. மதுரைக்கு நேரே அனுப்பும் பணத்துக்கு அது கிடையாது. உங்கள் மகன் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவர் அனுப்புவது இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடையாகாது. கனடியக் குடியுரிமை பெற்றிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடையே. அப்போது அதைப் பெறும் அறக்கட்டளைக்கு அதற்கான பதிவோ முன் அனுமதியோ வேண்டும், அச்சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பணமும் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வந்தாக வேண்டும். அடுத்த கும்பாபிஷேகத்துக்கு முன் திருப்பணிக் குழுவிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.