ஜூனில் நட்ட கன்றுகள் கருகுவது பற்றி

பாடசாலை மரநடுகையை ஒக்டோபர் கடைசிக்குத் தள்ளுங்கள். "வருடா வருடம் ஜூன் 5, சுற்றாடல் தினத்தில் நடுகிறோம், எல்லாம் கருகுது, பெற்றோரும் இப்போது வருவதில்லை" என்கிறீர்கள். பிள்ளைகளின் அக்கறையின்மை அல்ல, கச்சான் (தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று) தான் காரணமாக இருக்கும். திருகோணமலைக்கு மழை பெரும்பாலும் வாடையோடுதான் (வடகிழக்குக் காற்று) வரும். ஜூனில் நட்டால், ஓகஸ்ட் விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது?

இப்போதே ஒன்று பாருங்கள்: கன்றடியில் நாலு விரல் ஆழம் தோண்டுங்கள். மேலே ஈரம், கீழே புழுதி என்றால் ஊற்றும் தண்ணீர் வேருக்குப் போகவில்லை.

அப்புறம், பெற்றோரைப் பொதுவாகச் சிரமதானத்துக்குக் கூப்பிடாதீர்கள். ஒரு வகுப்புக்கு ஒரு வேம்பு அல்லது பூவரசு, விடுமுறைக்கு அந்த வகுப்புப் பெற்றோரின் முறை. தன் பிள்ளையின் மரமென்றால் வருவார்கள்.

கடலோரமென்றால் கிணற்று நீரை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். உவரென்றால் இளங்கன்றுகள் தாங்காமல் போகலாம்.