ஏழு மாதக் குழந்தையோடு கோடையில் பனிச்சறுக்குப் போகலாமா?

கீழக்கரையிலிருந்து ஏழு மாதக் குழந்தையோடு ஜூலையில் ஐரோப்பியப் பனியாற்றில் சறுக்கப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் குழந்தையைப் பனியாற்றுக்கு ஏற்றாதீர்கள். கீழே ஊரிலேயே இருக்கட்டும்.

காரணம் உயரம்தான். கோடையிலும் சறுக்க முடிகிற இடங்கள் மிகச் சில: சுவிட்சர்லாந்தின் செர்மாட், ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ் போன்றவை. செர்மாட் ஊர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேபிள் கார் போய் நிற்கும் இடமோ 3,883 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அவ்வளவு வேகமாக ஏறினால் பெரியவர்களுக்கே தலை வலிக்கும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அழும், பால் குடிக்காது, தூங்காது. பயணக் களைப்பிலும் இதேதான் நடக்கும் என்பதால் பிரித்தறிவது கஷ்டம்.

கோடையில் பனி மதியத்துக்குள் இளகிவிடுவதால் சறுக்கல் காலையோடு முடிந்துவிடும். நீங்களும் கணவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் மேலே போகலாம். பாட்டியும் வந்தால் எவ்வளவோ நல்லது. செர்மாட்டுக்குள் பெட்ரோல் கார்கள் கிடையாது, தள்ளுவண்டியோடு நிம்மதியாக நடக்கலாம்.

நம் வெயிலைப் பார்த்த பிள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

அப்புறம், குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட்டும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும் வேண்டும். 6 வயதுக்குள் என்பதால் விசாக் கட்டணம் இல்லை. டிக்கெட் போடுமுன் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ இதயம், நுரையீரலில் சிக்கல் இருந்தாலோ இந்த வருஷம் வேண்டாம்.