மேனர் வீட்டில் மூன்று இரவு: பணம் கட்டும் முன் வரைபடம் கேளுங்கள்

கேள்வி: மகள் இங்கிலாந்தில் ரெடிங் ஊரில் வேலை பார்க்கிறாள். வரும் மே மாதம் அங்கே போகிறோம், அவளையும் சேர்த்து ஆறு பேர். கிராமப்புறத்தில், பழுதுபார்த்துக் காப்பாற்றிய பழைய மேனர் வீடு ஒன்றில் மூன்று இரவு தங்க ஆசை. மாமியாருக்கு 74 வயது, முழங்கால் வலி உண்டு. வீடு குளிருமா? நம் சமையல் நடக்குமா? ஓட்டலா, தனி வீடா?

பதில்: மாமியாரின் முழங்காலை வைத்துத்தான் வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அங்கே போய்ச் சமாளித்துவிடலாம்.

மேனர் வீடு என்றதும் அரண்மனையை நினைக்க வேண்டாம். ஒரு வட்டார நிலத்துக்கு உரிமையாளராக இருந்தவரின் குடியிருப்பு அது. நிலத் தகராறுகளைக்கூட பல ஊர்களில் அந்த வீட்டுக் கூடத்தில்தான் விசாரித்தார்கள். நடுவில் உயரமான கூடம், ஒரு கோடியில் சமையல் சாமான் அறைகள், மறுகோடியில் மாடியில் குடும்பத்தின் அறை. இடைக்கால வீடுகளின் அடிப்படை இதுதான். அப்புறம் வந்த ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டியது. அதனால் ஒரே மாடிக்குள்ளேயே இரண்டு படி ஏறி மூன்று படி இறங்க வேண்டியிருக்கும். சில வீடுகளில் மாடிக்குப் போக இருப்பதே குறுகலான கல் சுழல்படிதான். உள்பக்கம் பாதம் வைக்க இடம் இருக்காது. விளம்பரப் படங்களில் இதெல்லாம் தெரியவே தெரியாது. படுக்கையறை, குளியலறை, சாப்பிடும் இடம் மூன்றும் எந்தெந்தத் தளத்தில் என்று காட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு உதாரணம். வார்விக்‌ஷரில் இருக்கும் ஆஸ்ட்லி காசில், பெயரில் காசில் என்றாலும், அகழியும் மதிலும் கொண்ட மேனர் வீடுதான். 1978இல் தீயில் எரிந்து பல ஆண்டுகள் பாழாகக் கிடந்தது. பழைய கட்டடங்களைக் காப்பாற்றி, தங்க வாடகைக்கு விடும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை அந்த இடிபாட்டுக்குள்ளேயே செங்கல்லும் மரமும் வைத்துப் புது வீட்டைக் கட்டி எழுப்பியது. 2013இல் கட்டடக்கலைக்கான பிரிட்டனின் ஸ்டிர்லிங் பரிசு அதற்குக் கிடைத்தது. அங்கே படுக்கையறைகள் கீழே, சமையலும் சாப்பாடும் மாடியில். வழக்கத்துக்கு நேர் எதிர். கீழே தூங்கலாம் என்று நினைத்துப் பதிவு செய்தால், காப்பிக்கு மேலே போக வேண்டும். இப்படி ஒரு வீட்டை விரும்பினால், படி ஏறாமல் மேலே போக வழி உண்டா என்று முன்பே எழுதிக் கேளுங்கள்.

ஓட்டலா, தனி வீடா? ஆறு பேர் என்றால் தனி வீடு என்பேன். 1965இல் தொடங்கிய லேண்ட்மார்க் டிரஸ்டில் வாடகை முழு வீட்டுக்கும் சேர்த்துத்தான், தலைக்கு இவ்வளவு என்று இல்லை. டிவி கிடையாது, வைஃபையும் எதிர்பார்க்க வேண்டாம், மகளுக்கு அலுவலக வேலை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் படி ஏறுவது மாமியாருக்கு உண்மையிலேயே முடியாது என்றால் தயங்காமல் ஓட்டலுக்குப் போங்கள். பக்கிங்காம்‌ஷரில் உள்ள ஹார்ட்வெல் ஹவுஸ் ரெடிங்கிலிருந்து அதிக தூரமில்லை. பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயி நாடு கடந்து வாழ்ந்தபோது 1809 முதல் 1814 வரை குடியிருந்த வீடு அது. இப்போது ஓட்டலாக நடக்கிறது. அங்கும் தரைத்தள அறை வேண்டும் என்று கேட்டே பதிவு செய்யுங்கள்.

குளிர் உண்டு. மே மாத இரவுகளில் வெளியே பத்து டிகிரிக்கும் கீழே போகும். கனமான கல் சுவர் சூடாக நாளாகும். இவை சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் கட்டடங்கள். இரட்டைக் கண்ணாடி போட நினைத்தாலும் எளிதில் அனுமதி கிடைக்காது. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவருக்குக் காற்றோட்டமும் வேண்டும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் கெடும். ஜன்னலோரம் லேசாகக் காற்று வந்தால் வீடு கவனிப்பில்லாமல் கிடக்கிறது என்று நினைக்காதீர்கள். கம்பளி சாக்ஸும் ரப்பர் அடி வைத்த செருப்பும் எல்லோருக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், கல் தரை சில்லென்றிருக்கும். பல வீடுகளில் வெந்நீர் தொட்டியில் சேரும் அளவுதான் வரும். ஆறு பேரும் காலையிலேயே குளிக்காமல் மூன்று பேர் இரவுக்கு மாறிக்கொள்ளலாம்.

சமையல் தாராளமாகச் செய்யலாம், தாளிப்பதில் மட்டும் கவனம். நான் தங்கிய ஒரு வீட்டில் மிளகாய் வற்றல் கிள்ளிப் போட்ட அடுத்த நிமிடம் புகை அலாரம் வீடு முழுக்க அலறியது. ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, சின்னக் கரண்டியில் தாளியுங்கள். நானூறு வருஷ மர மேஜையில் மஞ்சள்தூள் கறை பட்டால் போகாது, அடியில் ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். சில வீடுகளில் ஆகா என்ற வார்ப்பிரும்பு அடுப்பு இருக்கும். தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகு அதில் கிடையாது. மேலே ஒரு சூட்டுத் தட்டு கொதிக்க, இன்னொன்று மெதுவாக வேக. பாத்திரத்தைத்தான் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் சூட்டுத் தட்டின் மூடியைப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சூடு இறங்கிவிடும்.

கார் எடுத்தால் நம் இந்திய ஓட்டுநர் உரிமமே 12 மாதம் செல்லும். ஆனால் வீட்டுக்குப் போகும் கடைசி மைல்கள் பெரும்பாலும் ஒரே வண்டி போகும் சந்துதான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் வரை பின்னால் போக வேண்டியிருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். மே மாதத்தில் இரவு எட்டரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். போன உடனே, மாமியார் கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒருமுறை அவரோடு நடந்து பாருங்கள். வாசற்படி எங்கே, விளக்கு ஸ்விட்ச் எங்கே, எந்த உத்தரம் தலைக்கு இடிக்கும் என்று பார்த்து, வழியில் ஒரு சின்ன இரவு விளக்கைச் செருகிவிடுங்கள். அந்த விளக்குக்குப் பிரிட்டிஷ் மூன்று முள் பிளக் வேண்டும், ரெடிங்கிலேயே வாங்கிக்கொள்ளலாம்.